நைட் டூட்டியில் பக்கத்தில் யார்?

வாரத்துக்கு 168 மணி நேரம். மூன்றால் வகுத்தால் 56. தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களை 24 மணி நேரமும் திறந்து வைக்க மூன்று ஸ்டாஃப் நர்ஸ் போதும் என்று முடிவெடுத்தவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருப்பார்கள். ஆளுக்கு 56 மணி நேரம். அதுவும் யாரும் லீவு போடாமல், யாரும் டெபுடேஷனில் போகாமல், யாருக்கும் காய்ச்சல் வராமல் இருந்தால். ஒருவர் பேறுகால விடுப்பில் போய், அவருக்குப் பதில் ஆள் வராவிட்டால் மற்ற இருவருக்கும் ஆளுக்கு 84.

இந்த ஏற்பாட்டைக் குறை மட்டும் சொல்லிவிட முடியாது. மூன்று நர்ஸ் திட்டம்தான் கிராமத்துப் பிரசவத்தை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு வகித்தது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. ஆனால் அந்தச் சாதனையின் இரவுப் பகுதியைத் தாங்குவது பெரும்பாலும் ஒரே ஒரு பெண். மதுரையைச் சுற்றி சேடப்பட்டி, டி.கல்லுப்பட்டி, கொட்டாம்பட்டி, அலங்காநல்லூர் என்று எந்த வட்டாரத்தை எடுத்தாலும் நிலைமை ஏறக்குறைய இதுதான். இரவு எட்டு மணிக்கு டூட்டி மாறும். அதன்பின் விடியும்வரை லேபர் வார்டு, வெளியே வந்து நிற்கும் பாம்புக்கடி, குடித்துவிட்டு வண்டியிலிருந்து விழுந்தவர், அவரோடு வந்து சத்தம்போடும் நான்கு பேர் எல்லாருக்கும் பதில் சொல்ல வேண்டியது அந்த நர்ஸ்தான். டாக்டர் போனில் கிடைப்பார். 108 ஆம்புலன்ஸ் வரும். அது வரும்வரை?

கிராமத்து ஆஸ்பத்திரிகளில் செவிலியர்கள் ஏன் நிலைப்பதில்லை என்று கேட்டால் முதலில் வருகிற பதில் சம்பளம். அடுத்து குவார்ட்டர்ஸ், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கணவர் வேலை பார்க்கும் ஊர். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பது 2021 மே மாதத்திலிருந்து பெரிய உதவி. ஆனால் இரவு எட்டு மணிக்கு டூட்டி முடித்து வருபவருக்கு அந்த ஊரில் பஸ்ஸே இருக்காது. இவையெல்லாம் உண்மையான காரணங்கள். இவற்றுக்குக் கீழே, யாரும் அதிகம் வெளியே சொல்லாத இன்னொன்று இருக்கிறது. பயம். நர்சிங் கல்லூரியில் படித்தபோது வார்டில் பத்துப் பேரோடு ஒருவராக நின்றவர், முதல் போஸ்டிங்கில் ஒரு பிரசவ மேஜைக்கு முன்னால் தனியாக நிற்கிறார். குழந்தை அழவில்லை. மூச்சு கொடுக்கும் அம்பு பேக்கை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பது தெரியும். எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும், எப்போது மேலே அனுப்ப வேண்டும் என்பதைச் சொல்ல ஒரு சீனியர் அக்கா பக்கத்தில் இல்லை. அந்த ஒரு இரவுக்குப் பிறகுதான் பலர் இடமாறுதல் கவுன்சலிங் எப்போது என்று விசாரிக்கத் தொடங்குகிறார்கள்.

இந்தப் பயம் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் மார்லின் கிரேமர் 1974-ல் எழுதிய நூலில், படிப்பை முடித்து வேலையில் சேரும் செவிலியர்களுக்கு முதல் மாதங்களில் ஏற்படும் அதிர்ச்சியைத்தான் முழுக்க ஆராய்ந்தார். பத்து ஆண்டுகள் கழித்து பாட்ரிஷியா பென்னர், கற்றுக்குட்டியாக வருபவர் கைதேர்ந்தவராக மாற ஐந்து படிகள் உண்டு என்று விளக்கினார். மேல்படியில் இருப்பவர் வார்டுக்குள் நுழைந்ததும் எந்தக் கட்டிலில் சிக்கல் என்று கண்டுகொள்வார். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் அவராலேயே சொல்ல முடியாது. அந்த வித்தையைப் புத்தகத்தில் எழுத முடியாது. கூடவே நின்று பார்த்துத்தான் கற்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் இது தானாக நடந்துவிடும். மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் புதிதாகச் சேருபவர் எத்தனை திட்டு வாங்கினாலும், திட்டுவதற்காவது ஓர் இன்சார்ஜ் சிஸ்டர் அங்கே இருக்கிறார். கிராமத்தில் திட்டக்கூட ஆள் இல்லை.

அரசு பயிற்சியே கொடுப்பதில்லை என்று சொன்னால் அது பொய். திறன்மிக்க பிரசவ உதவிக்கு மூன்று வாரப் பயிற்சி உண்டு. பிறந்த குழந்தைக்கு மூச்சு வரவைக்கும் பயிற்சி 2009 முதல் நாடெங்கும் நடக்கிறது. பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த 2017-ல் லக்ஷயா திட்டம் வந்தது. சிக்கல் வேறிடத்தில். நர்ஸை அழைத்துப்போய் ஓர் அரங்கில் உட்காரவைத்து, பொம்மையைக் காட்டி, சான்றிதழ் கொடுத்து, பழைய இடத்துக்கே திருப்பி அனுப்புகிறோம். அவர் போன நாட்களில் மற்ற இருவரின் டூட்டி நீள்கிறது. திரும்பி வந்தவர் கற்றதைச் செய்து பார்க்கிற அந்த முதல் தடவையில் அருகில் யாரும் இல்லை.

வட கர்நாடகத்தில் இதைத் தலைகீழாக மாற்றிப் பார்த்தார்கள். சுக்ஷேமா என்ற திட்டத்தில், அனுபவமுள்ள செவிலியர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களை ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கே அனுப்பினார்கள். பெல்லாரி, குல்பர்கா மாவட்டங்களில் 2012-ஐ ஒட்டி 108 நிலையங்களை எடுத்துக்கொண்டு, பாதி இடங்களில் மட்டும் இந்த வழிகாட்டிச் செவிலியர்களை இறக்கி, மறுபாதியோடு ஒப்பிட்டார்கள். வழிகாட்டி வந்தால் சில நாட்கள் அங்கேயே இருப்பார். பிரசவம் வந்தால் கூட நிற்பார். கேஸ் ஷீட்டைப் புரட்டி, எந்த இடத்தில் எதைக் கவனிக்கத் தவறினோம் என்று பேசுவார். கேஸ் ஷீட்டையே, படிப்படியாக என்ன செய்ய வேண்டும் என்று நினைவூட்டும் வகையில் மாற்றி அமைத்திருந்தார்கள். வழிகாட்டிகள் போன நிலையங்களில் செவிலியர்களின் அறிவும், சிக்கலான பிரசவத்துக்கு நிலையம் தயாராக இருக்கும் தன்மையும் கூடியிருந்தன.

பீகாரில் நடந்தது இன்னும் சுவாரசியம். அமானத் என்ற திட்டத்தில் வழிகாட்டிச் செவிலியர்கள் இருவர் இருவராக ஆஸ்பத்திரிகளுக்குப் போனார்கள். கையில் விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லை. பார்ட்டோபேன்ட்ஸ் என்று ஒன்று. பழைய ஆபரேஷன் தியேட்டர் கால்சட்டையை வெட்டித் தைத்து, பிரசவத்தை நடித்துக் காட்டும்படி செய்தது. ஒரு செவிலியர் அதை மாட்டிக்கொண்டு வலியில் கத்துவார். இன்னொருவர் பிரசவம் பார்ப்பார். பாதியில் இரத்தப்போக்கு வந்துவிட்டது என்று வழிகாட்டி அறிவிப்பார். யார் ஆக்சிடோசின் எடுக்கிறார், யார் உறவினரிடம் பேசுகிறார், யார் ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறார் என்பதெல்லாம் அந்தச் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். முடிந்ததும் உட்கார்ந்து பேசுவார்கள். உண்மையான பெண்மணி மேஜையில் இருக்கும்போது செய்ய முடியாத தவறுகளை எல்லாம் இங்கே செய்து முடித்துவிடலாம்.

இதற்காகப் பீகார் வரை போக வேண்டியதில்லை என்று மதுரைக்காரர்கள் சொன்னால் அதிலும் நியாயம் உண்டு.

அண்ணா நகரில் 1976-ல் ஒரு வீட்டில், 11 படுக்கைகளோடு, அரசுப் பணியில் ஓய்வுபெற்ற கண் மருத்துவர் கோ.வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி உலகமே பேசிவிட்டது. மலிவு விலை, இலவச அறுவைச்சிகிச்சை, ஓயாத அறுவைச்சிகிச்சை அரங்கம் என்று வணிகப் பள்ளிகளில் பாடமே நடத்துகிறார்கள். அந்தப் பாடங்களில் டாக்டர்தான் கதாநாயகன். அங்கே போய்வந்த நோயாளிக்கு அப்படித் தோன்றாது. பதிவு செய்வது முதல் பார்வை சோதிப்பது, கண்ணாடி பவர் பார்ப்பது, ஆபரேஷனுக்குத் தயார் செய்வது, பக்கத்தில் உட்கார்ந்து செலவை விளக்குவது வரை அவர் சந்திப்பது சேலை கட்டிய இளம்பெண்களை. எல்லாரும் கூப்பிடுவது ‘சிஸ்டர்’ என்றுதான். அலுவல்பூர்வமாக அவர்கள் இடைநிலைக் கண் மருத்துவப் பணியாளர்கள். மொத்த ஊழியர்களில் பாதிக்கு மேல் அவர்கள்தான். ஓர் அறுவைச்சிகிச்சை நிபுணர் ஆண்டுக்கு 2,000 கண்களுக்கு அறுவைச்சிகிச்சை செய்ய முடிகிறது என்றால், அவருடைய கை தொட வேண்டியதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இந்தப் பெண்கள் செய்துவைப்பதால்தான்.

இவர்கள் வருவது சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து. பிளஸ் டூ முடித்த, விவசாயக் குடும்பத்துப் பெண்கள். தேர்வுக்கு வரும்போது அப்பா அம்மாவும் கூட வருவார்கள். பெண் எப்படிப் பேசுகிறாள், வீட்டில் எப்படி வளர்ந்திருக்கிறாள் என்பதற்கு மதிப்பெண்ணைவிட அதிக மரியாதை. பயிற்சி இரண்டு ஆண்டுகள். கட்டணம் வாங்குவதில்லை, உதவித்தொகை கொடுத்து, விடுதியில் தங்கவைக்கிறார்கள். முதல் சில மாதங்கள் உடலியலும் கண்ணின் அமைப்பும். பிறகு புறநோயாளிப் பிரிவு, ஆபரேஷன் தியேட்டர், கண்ணாடிப் பரிசோதனை, ஆலோசனை என்று ஆளுக்கு ஒரு துறை. துறைக்குள் போனதும் ஒரு சீனியரோடு சேர்த்துவிடுகிறார்கள். அவர் செய்வதைப் பார்ப்பது, பிறகு அவர் பார்க்கத் தான் செய்வது, கடைசியில் தனியாகச் செய்வது. டாக்டர் வெங்கடசாமியின் தங்கை டாக்டர் ஜி.நாச்சியார் இந்தப் பயிற்சியை வளர்த்தெடுத்ததில் முக்கியமானவர். செவிலியர் படிப்பு படித்த ஒருவரைச் சந்தையில் தேடி, அவர் வேறு வேலை கிடைத்துப் போய்விடுவாரோ என்று பயப்படுவதற்குப் பதில், கிராமத்துப் பெண்ணை எடுத்து முழுக்கத் தாங்களே உருவாக்கிக்கொள்வது என்ற முடிவு அது.

ஆனாலும் அவர்கள் போகிறார்கள். கல்யாணம் ஆகிறது. மாப்பிள்ளை திருப்பூரில் இருக்கிறார், சென்னையில் இருக்கிறார். சில ஆண்டு அனுபவம் சேர்ந்த நல்ல கை, ஒரு தை மாதத்தில் விடைபெற்றுக்கொண்டு போய்விடுகிறது. அரவிந்த் இதை மாற்ற முயன்று தோற்ற நிறுவனமாகத் தெரியவில்லை. இது நடக்கும் என்று முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்ட நிறுவனமாகத்தான் தெரிகிறது. ஒவ்வோர் ஆண்டும் புதிய பேட்ச் வருகிறது. ஒவ்வொரு சீனியரும் ஒரு ஜூனியருக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டே இருக்கிறார். ஆள் போனாலும் வேலை தெரிந்த கை அந்த இடத்தில் இருக்கும். கிராமப்புறச் செவிலியர்களைத் ‘தக்கவைப்பது’ பற்றிப் பேசுபவர்கள் ஒருவரை முப்பது ஆண்டு ஓரிடத்தில் கட்டிவைப்பதையே மனதில் வைத்துப் பேசுகிறார்கள். இங்கே தக்கவைக்கப்படுவது வேலைத்திறன்.

கிராமத்துக்கு நேரடியாகப் பொருந்துகிற பாடம் அரவிந்தின் பார்வை மையங்களில் இருக்கிறது. சிற்றூர்க் கடைவீதியில் ஒரு சிறிய கட்டடம். உள்ளே பயிற்சி பெற்ற இரண்டு பெண்கள். டாக்டர் இல்லை. நோயாளியின் கண்ணை அவர்கள் சோதித்து எழுதியதை, பெரிய மருத்துவமனையில் இருக்கும் கண் மருத்துவர் கணினித் திரையில் பார்த்து, நோயாளியோடு பேசி, முடிவு சொல்கிறார். இதை நோயாளிக்கான வசதியாகத்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். அந்தப் பெண்ணின் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறொன்று தெரியும். அவள் கண்டுபிடித்தது சரியா தவறா என்று ஒவ்வொரு நோயாளிக்கும் சில நிமிடங்களில் விடை கிடைத்துவிடுகிறது. ஆண்டுக்கொரு தடவை மூன்று நாள் பயிற்சி முகாமில் கிடைக்காத பாடம் இது. டாக்டர் இல்லாத ஊரில்தான் வேலை, ஆனால் தனியாக இல்லை.

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகிற வழியில் இந்த யோசனைக்கு இன்னும் பழைய வேர் ஒன்று உண்டு. டி.வி.எஸ். நிறுவனர் டி.வி.சுந்தரம் அய்யங்காரின் மகள் சௌந்தரம், இளம் வயதில் கணவரை இழந்து, அதன்பின் டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் மருத்துவம் படித்தவர். காந்தியவாதி ஜி.ராமச்சந்திரனை மணந்து, 1947-ல் இருவரும் சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். அங்கு அவர் உருவாக்கிய கஸ்தூரிபா மருத்துவமனையும், 1964-ல் அமைந்த ஊரகச் சுகாதாரப் பயிற்சி நிறுவனமும் கிராமத்துக்கான சுகாதார ஊழியர்களைக் கிராமத்திலேயே பயிற்றுவித்தன. காந்திகிராமத்தில் வேலை பார்த்த ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற மருத்துவத் தம்பதி 1993-ல் தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடையே உள்ள சிட்டிலிங்கிக்குப் போனார்கள். ஒரு குடிசையில் தொடங்கிய அந்த ஆஸ்பத்திரிக்கு வெளியிலிருந்து நர்ஸ் யாரும் வரமாட்டார்கள் என்பது தெரிந்ததுதான். அந்த மலைவாழ் குடும்பங்களின் பெண்களையே எடுத்துக் கற்றுக்கொடுத்தார்கள். நீலகிரி மாவட்டம் கூடலூரில் 1990-ல் தொடங்கிய ஆதிவாசி மருத்துவமனையிலும் இதேதான். பணியர், முள்ளுக்குரும்பர் சமூகத்துப் பெண்கள் அங்கே செவிலியர்கள் ஆனார்கள். நோயாளியின் மொழியில் பேசுகிறவர், நோயாளியின் ஊர்க்காரர், வேலை முடிந்தால் சொந்த வீட்டுக்குப் போகிறவர். அவருக்கு அது ‘தொலைவான போஸ்டிங்’ ஆகாது.

உலக சுகாதார நிறுவனம் கிராமப்புறப் பணியாளர்களைத் தக்கவைப்பது குறித்து 2010-ல் வழிகாட்டி நெறிகள் வெளியிட்டது. 2021-ல் அவற்றைப் புதுப்பித்தது. இரண்டு முறையும் பட்டியலில் முதலில் நிற்பது, கிராமத்தில் வளர்ந்தவர்களைப் படிப்புக்கு எடுங்கள் என்பதுதான். தொடர்பயிற்சி, பணியில் உயர வழி, தங்குமிடம், பாதுகாப்பு, தனித்து வேலை பார்ப்பவர்களுக்கு வல்லுநர் ஆதரவு என்று பிறகு வருகின்றன. சிட்டிலிங்கிக்காரர்கள் எந்தப் பட்டியலையும் பார்த்துச் செய்யவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. வழிகாட்டல், அரவணைப்பு, குடும்ப உணர்வு என்றெல்லாம் பேசப் பேச, சம்பளத்தைப் பற்றிப் பேசாமலிருக்க அது வசதியான திரையாகிவிடும். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் 2015-ல் 7,000-க்கும் மேற்பட்ட செவிலியர்களை அரசு தேர்ந்தெடுத்தபோது கொடுத்த தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்று நம்பி வந்தவர்கள். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் உட்கார்ந்த போராட்டத்தைப் பலர் மறந்திருப்பார்கள், அவர்கள் மறக்கவில்லை. ஊதியம் பிறகு 14,000 ஆனது, 18,000 ஆனது. காலமுறை ஊதியக் கோரிக்கை மட்டும் ஓயவில்லை. கொரோனாவின்போது ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட 2,000-க்கும் மேற்பட்டவர்களின் பணி 2022 டிசம்பர் 31-உடன் முடித்துவைக்கப்பட்டது. உயிரைப் பணயம் வைத்த நாட்களில் கைதட்டல் வாங்கியவர்கள் அவர்கள். அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாதவரிடம் பத்தாண்டு அனுபவத்தின் அருமையைப் பேச ஒரு வழிகாட்டிக்கு வாய் வராது. தனியார் பக்கம் நிலைமை மேலும் மோசம். சிறிய மருத்துவமனையில்கூடச் செவிலியருக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று உச்ச நீதிமன்ற உத்தரவை அடுத்து 2016-ல் மத்திய அரசின் குழு பரிந்துரைத்தது. எத்தனை நர்சிங் ஹோம்கள் அதைப் படித்திருக்கின்றன என்பதை மதுரையின் செவிலியர்களிடம்தான் கேட்க வேண்டும்.

போக விரும்புகிறவருக்குக் கதவும் திறந்தே இருக்கிறது. உலகில் 2023-ல் இருந்த செவிலியர்கள் ஏறக்குறைய 2.98 கோடி, பற்றாக்குறை 58 லட்சம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கை. வளைகுடா, பிரிட்டன், ஜெர்மனி எல்லாரும் ஆள் தேடுகிறார்கள். 1978-ல் தொடங்கப்பட்ட தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே செவிலியர்களை வெளிநாட்டுக்கு அனுப்பிவைக்கிறது. அதில் தவறு காண முடியாது. மகளை நர்சிங் படிக்கவைக்க நகையை அடகு வைத்த குடும்பத்துக்கு, அவள் குவைத் போவது கடன் அடைகிற வழி. சேடப்பட்டி போட்டியிட வேண்டியது இந்த வாய்ப்போடுதான்.

அப்படியானால் மதுரையில் நாளைக்கே என்ன செய்யலாம்? பெரிய திட்டம் வேண்டாம். இராஜாஜி மருத்துவமனையில் அனுபவமுள்ள பிரசவ வார்டுச் செவிலியர்கள் இருக்கிறார்கள். செவிலியர் பயிற்சிப் பள்ளியும் இருக்கிறது. உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் அரசு மருத்துவமனைகளில் வார்டு நடத்திப் பழகியவர்கள் உண்டு. அவர்களில் சிலரை, வட்டாரத்துக்கு ஒருவர் என்று, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வழிகாட்டிகளாக ஒதுக்கலாம். புதிதாகச் சேர்ந்த நர்ஸை முதல் சில வாரங்கள் பெரிய ஆஸ்பத்திரி லேபர் வார்டில் வைத்துவிட்டுப் பிறகு கிராமத்துக்கு அனுப்பலாம். இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் கோபப்படாமல் எடுக்கிற ஒரு சீனியரின் நம்பர் வேண்டும். மேலதிகாரியின் நம்பர் இதற்கு உதவாது. மேலதிகாரியிடம் ‘தெரியவில்லை மேடம்’ என்று சொன்னால் மெமோ வரலாம் என்ற பயம் இருக்கும். குறை எழுத வருபவரும் கற்றுக்கொடுக்க வருபவரும் ஒரே ஆளாக இருந்தால், நர்ஸ் தன் சந்தேகத்தை மறைத்துவிட்டு ரெஜிஸ்டரை நீட்டுவார்.

ரெஜிஸ்டர் என்றதும் இன்னொன்று. நர்ஸின் நேரத்தில் கணிசமான பகுதி எழுதுவதிலும், பிக்மி இணையதளத்தில் கர்ப்பிணிகளின் விவரத்தைப் பதிவதிலும், அறிக்கை அனுப்புவதிலும் போகிறது. வழிகாட்டி என்ற பெயரில் இன்னும் ஒரு ரெஜிஸ்டர் வந்தால், அந்தத் திட்டம் முதல் ஆண்டிலேயே செத்துவிடும். வழிகாட்டியாகப் போகிறவரின் வார்டு டூட்டியைக் குறைக்காமல், ‘இதையும் பாருங்கள் சிஸ்டர்’ என்று ஒப்படைத்தாலும் அதே கதிதான்.

கடைசியாக, உயர வழி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்தவர் அங்கேயே எத்தனை ஆண்டு வேலை பார்த்தாலும் ஸ்டாஃப் நர்ஸ்தான். கண்காணிப்பாளர் பதவிகள் பெரிய மருத்துவமனைகளில் இருக்கின்றன. பதவி உயர்வு வேண்டுமென்றால் கிராமத்தை விட்டு வெளியேறத்தான் வேண்டும்; இருக்கிற விதியே அவரை வெளியே தள்ளுகிறது. வட்டார வழிகாட்டிச் செவிலியர் என்று ஒரு பணியிடத்தை, கூடுதல் சம்பளத்தோடும் போக்குவரத்துப் படியோடும், கிராமத்தில் ஐந்து ஆண்டு வேலை பார்த்தவர்களுக்கு மட்டும் என்று உருவாக்கினால் அந்த விதி திரும்பும். மதுரை மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றியங்கள் 13. ஒன்றியத்துக்கு ஒருவர் என்றால் 13 பணியிடங்கள். ஒரு மாவட்டத்தின் சுகாதாரச் செலவில் இது பெரிய தொகை இல்லை. ஆனால் அவர் சேடப்பட்டிக்கோ கொட்டாம்பட்டிக்கோ போகிற நாளில் அவருடைய இடத்தில் டூட்டி பார்க்க நான்காவது நர்ஸ் ஒருவரும் வேண்டும். அந்த நியமன உத்தரவு முதலில் வர வேண்டும்.